தாங்கக் கூடியவர்

அழுகிற கண்ணுக்கும் எழுத்து தெரிய வேண்டும். இது சம்பூர்ணாவின் முதல் கொள்கை. நடுங்குகிற விரலுக்கும் பொத்தான் எட்ட வேண்டும் என்பது இரண்டாவது. ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்கக் கூடாது என்பது அடுத்தது. இப்படி ஏழெட்டு வைத்திருந்தாள். கோயம்புத்தூரில் அவள் வேலை பார்க்கிற நிறுவனத்தில் திரை வடிவமைக்கப் புதிதாகச் சேருகிறவர்களை முதல் நாளே உட்கார வைத்து இவற்றைச் சொல்லுவாள். எழுதிக் கொடுக்க மாட்டாள். எழுதிக் கொடுத்தால் சுவரில் ஒட்டிவிட்டு மறந்துபோவார்கள் என்பாள். மனிதர்களைப் பற்றி அவள் நினைத்தது சரிதான். சொன்ன சொல்லை மறக்கவே தெரியாத ஒன்றிடமும் இவற்றைச் சொல்லி வைத்திருந்தாள். அதைப் பற்றித்தான் அவள் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

இந்தக் கொள்கைகள் படித்து வந்தவை அல்ல, பட்டு வந்தவை. ஈரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் அம்மா வென்டிலேட்டரில் கிடந்தபோது சம்பூர்ணாவுக்குப் படிப்பு முடிந்து வேலைகூடக் கிடைக்கவில்லை. இனிமேல் பயனில்லை, எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர்கள் காகிதங்களை நீட்ட ஆரம்பித்தார்கள். பொடி எழுத்து. ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு புது முகம் வந்து, உறுதியாகத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டது. அண்ணன் ரவீந்திரன் அப்போது வடக்கே வேலையில் இருந்தான், ரயிலில் வந்துகொண்டிருந்தான். அப்பா நடையில் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பேனாவைக் கொடுத்தால் அவர் கையில் நிற்கவில்லை. கூடியிருந்த மாமன்மார்களும் சித்தப்பன்மார்களும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுக் கடைசியில் இவளைப் பார்த்தார்கள். நீதான் தைரியமான புள்ளை அம்மிணி என்றார் பெரிய மாமன். அவள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டாள்.

அதற்காக அப்பா அவளை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் அதன்பிறகு அவளோடு தனியாக ஓர் அறையில் அவர் உட்கார்ந்ததும் இல்லை. அவள் உள்ளே வந்தால் மாட்டுக்குத் தண்ணி காட்டவேண்டும் என்று எழுந்து போய்விடுவார். அவளும் கொஞ்ச காலம் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தாள். பொங்கலுக்குப் போனாள். பிறகு பொங்கலுக்குப் போன் செய்தாள். அப்பாவை அண்ணன்தான் பார்த்துக்கொண்டான்.

அந்த நடையில் நின்ற அனுபவத்திலிருந்து அவள் வடித்தெடுத்த நான்காவது கொள்கைதான் எல்லோருக்கும் பிடித்தது. கேள்வியை, அதைத் தாங்கக் கூடியவரிடம் கேள். அப்பாவின் கையில் பேனாவைத் திணித்த கொடுமை இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்று அவள் மனதார நினைத்தாள். இதைச் சொல்லும்போது அவள் குரல் கம்மும். கேட்கிற பிள்ளைகளுக்கும் கண் கலங்கும்.

இந்தக் கொள்கைகளை வைத்து அவள் உருவாக்கிய திரைக்கு இசைவு என்று பெயர். நோயாளிக்கு இனி மீட்சியில்லை என்று மருத்துவர் குழு முடிவு செய்த பிறகு, மெஷினை எடுக்கச் சம்மதம் கேட்டுச் சொந்தக்காரர் ஒருவரின் போனுக்கு அது வரும். கீழே ஒரு வட்டம் இருக்கும். அதில் விரலை வைத்தால் நாடியையும், கேமரா வழியாகக் கண்ணையும் படிக்கும். மனசு ஒரு முடிவுக்கு வந்துவிட்டதா, இன்னும் தத்தளிக்கிறதா என்பது அதற்குத் தெரியும். தத்தளித்தால் பொத்தானே வராது. 'அவசரமில்லை. நீங்கள் தயாரானதும் பொத்தான் தெரியும்' என்ற வரி மட்டும் பெரிய எழுத்தில் நிற்கும். அந்த ஒரு வரியை எழுத அவளுக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. மனசு நிலைக்கு வந்ததும் பொத்தான் மெல்லத் தோன்றும். அழுத்தினால் முடிந்தது. உறுதிதானா என்று மறுபடி கேட்காது.

வேண்டாம் என்று ஒரு பொத்தான் கிடையாது. வேண்டாதவர் விரலை எடுத்துவிடலாம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அது அடுத்த சொந்தக்காரருக்குப் போய்விடும். திரை யாரையும் குற்றவாளி ஆக்கக் கூடாது என்பதும் அவள் கொள்கைதான். ஆனால் விரல் வட்டத்தில் இருக்கிற வரைக்கும் எவ்வளவு நேரமானாலும் அது காத்திருக்கும், யாரையும் விரட்டாது. யாருடைய விரல் என்றும் அது ஆராயாது. வீட்டில் யாராவது படித்தவர் கையில் போனைக் கொடுத்து, இது என்னன்னு பாரு என்று சொல்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு. அதை மனசில் வைத்து அவளே கொடுத்த சலுகை அது.

தனியார் ஆஸ்பத்திரிகளில் இசைவு வந்த பிறகு கூச்சல் இல்லை, கண்ணாடி உடைப்பு இல்லை, வழக்கு இல்லை. அரசு ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் வைப்பதற்கு உத்தரவு தயாராக இருந்தது. அதற்கு முன் நிலுவையில் இருக்கிற புகார்களை விசாரித்து, வடிவமைப்பில் பிழையில்லை என்று சம்பூர்ணா ஒப்புதல் தரவேண்டும். நிலுவையில் இருந்தது ஒரே ஒரு புகார். சோமனூரிலிருந்து திருமூர்த்தி என்ற லாரிக்காரர் அனுப்பியிருந்தார். அதில் திட்டு இல்லை, நஷ்டஈடு கேட்கவில்லை. 'இது ஏன் என்னிடம் கேட்டது என்று தெரிய வேண்டும்' என்று மட்டும் இருந்தது.

ஆளை நேரில் பார்க்காமல் புகாரை மூடக் கூடாது என்பதும் அவள் கொள்கைகளில் ஒன்று. ஆகவே மறுநாள் காலை சோமனூர் போனாள்.

திருமூர்த்தி லாரி நிறுத்தும் கொட்டகையில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உடம்பு, ஆனால் துவைத்துப் பிழிந்து போட்ட மாதிரி ஒரு முகம். அக்கம்பக்கத்துத் தறிச் சத்தத்தில் அவர் பேசுவதைக் கேட்க அவள் குனிய வேண்டியிருந்தது. அவருடைய அண்ணன் சென்னியப்பன் போன மாதம் இறந்துபோனார். அண்ணனும் தம்பியும் பேசி எட்டு வருஷம். தோட்டத்துக்குப் போகிற வண்டித்தடம் யாருக்கு என்பதில் வந்த சண்டை. கல்யாணம், காது குத்து, எதற்கும் கூப்பிடுவதில்லை. அண்ணனுக்கு மூளையில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டதும் இவர் மனசு கேட்காமல் போயிருக்கிறார். அண்ணி தங்கமணி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் நம்பர் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது இவரும் கொடுத்துவிட்டு ஒரு மூலையில் நின்றிருக்கிறார்.

டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அண்ணி பால் காய்ச்சிக்கொண்டு வர ஆள் அனுப்பினாள். ஓசூரிலிருந்து மகள் வந்துகொண்டிருந்தாள். அவள் வந்ததும் எல்லோரும் ஒவ்வொரு கரண்டியாக வாயில் பால் ஊற்றி, அதன்பிறகு மெஷினை எடுத்துக்கொள்ளட்டும் என்பது அண்ணியின் நினைப்பு. அதை யாரிடமும் சொல்லத் தேவையில்லை என்று அவள் நினைத்திருக்கிறாள். எந்த வீட்டில்தான் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்? அந்த நேரத்தில்தான் திருமூர்த்தியின் போனில் இசைவு வந்தது.

"வெரல வெய்யின்னு போட்டிருந்துதுங்க, வெச்சேன்," என்றார். "வெச்சதும் பட்டன் வந்துருச்சு. எனக்கு என்ன தோணுச்சுன்னா, எல்லாரும் பேசி முடிச்சுப்போட்டு, தம்பிய ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு எனக்கு அனுப்பிச்சிருக்கறாங்கன்னு நெனச்சேனுங்க. எட்டு வருசமா எதுக்குமே என்னையக் கேக்காத குடும்பம். இப்பக் கேக்குதேன்னு ஒரு பெருமைங்க அம்மிணி. பெரிய மனுசனாட்டம் அமுத்திப்போட்டனுங்க."

சம்பூர்ணா இன்னும் கொஞ்சம் குனிந்தாள். அவர் தொடர்ந்தார்.

"அமுத்திப்போட்டு அண்ணிகிட்டப் போயி, ஆகட்டும்னு சொல்லிட்டனுங்க அண்ணின்னேன். அவிய கையில பால் கிண்ணம் இருந்துதுங்க. என்னையப் பாத்தாங்க. அப்பறம் உள்ள ஓடுனாங்க. அதுக்குள்ள மெஷின எடுத்துட்டாங்க."

மகளும் வரவில்லை, பாலும் ஊற்றவில்லை. ஊரில் சிலர், வண்டித்தடத்துக்காகத் தம்பிதான் அவசரப்பட்டு முடித்துவிட்டான் என்று பேசினார்கள். அது பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அவரை அரித்தது வேறொன்று. பொத்தான் வருவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அண்ணிக்கு வராமல், கல்லூரியில் படிக்கிற அண்ணன் மகனுக்கு வராமல், வெளியே நின்ற தனக்கு ஏன் வந்தது, வந்த உடனே பொத்தான் ஏன் தெரிந்தது என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பெயர் பதிந்த வரிசைப்படி வந்திருக்கும் என்றாள் சம்பூர்ணா. அவளும் அப்படித்தான் நம்பினாள். தான்தான் கடைசியாகப் பதிந்ததாக அவர் சொன்னார்.

"கேட்டுச் சொல்றேனுங்ணா," என்று அவள் எழுந்தாள். அவர் வாசல் வரைக்கும் வந்து, நிச்சயமாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது காரில் அண்ணன் கூப்பிட்டான். அப்பாவுக்குக் காலையிலிருந்து மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார், நீ வேலையைப் பார், நான் இருக்கிறேன் என்றான். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து நிலவர அறிக்கை வந்தது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அது போகும். வட்டத்தில் விரலை வைத்தால் திறக்கும். அவள் விரலை வைத்து, ஆக்ஸிஜன் அளவு, இதயத் துடிப்பு எல்லாவற்றையும் படித்தாள். அந்தப் பக்கத்தில் எழுத்தின் இடைவெளி இன்னும் கொஞ்சம் கூடலாம் என்று தோன்றியது. மூடி வைத்துவிட்டுத் திருமூர்த்தியைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் அவளுடைய மேலாளர் ஜெயசீலனிடம் போய் உட்கார்ந்தாள். ஜெயசீலன் கெட்ட மனிதர் இல்லை. அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அவர் இசைவின் உள்ளே ஓடுகிற நிரல் கணக்குகளைக் கவனிப்பவர், பொறுமையாகப் பேசுகிறவர், ஊழியர்களின் பிள்ளைகள் பெயரெல்லாம் ஞாபகம் வைத்திருப்பவர். சோமனூர் விவகாரத்தில் வரிசை மாறிப்போயிருக்கிறது, எங்கோ பிழை இருக்கிறது என்று அவள் சொன்னதும் அவருக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

"வரிசையே கிடையாதே சம்பூர்ணா," என்றார். "தாங்கக் கூடியவரிடம் கேள்னு நீங்கதானே சொன்னீங்க. யார் தாங்குவாங்கன்னு அதுவே கத்துக்கிச்சு."

எப்படிக் கற்றுக்கொண்டது என்று கேட்டாள். நிலவர அறிக்கை எல்லோருக்கும் போகிறதல்லவா, அதைப் படிக்கும்போது விரல் வட்டத்தில்தானே இருக்கிறது என்றார் அவர். கெட்ட செய்தியைப் படிக்கும்போது யாருடைய நாடி குறைவாக எகிறுகிறது என்று அது பார்க்கிறது. அவர்களிடம் முதலில் கேட்கிறது. அவர்களுக்கு மனசு சீக்கிரம் நிலைக்கு வருகிறது, அழுத்திவிடுகிறார்கள். புகார் குறைந்ததற்குக் காரணமே அதுதான். அவர் இதை ஒரு நல்ல செய்தி போலத்தான் சொன்னார்.

சம்பூர்ணா தனக்குள் கேட்டுப் பார்த்தாள். யாருக்குக் குறைவாக எகிறும்? பேச்சு வார்த்தை அற்றுப்போனவனுக்கு. வெளியூரில் இருப்பவளுக்கு. கைப்பிடித்து உட்காராதவருக்கு. ஒரு வீட்டில் யாருக்கு அந்த உயிர்மேல் பிடிப்பு குறைவோ அவரைத் தேடிக் கண்டுபிடித்து அவரிடம் அந்த உயிரைப் பற்றிக் கேட்கிறது இசைவு. அவள் அதைச் சொன்னாள். சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது.

ஜெயசீலன் குரலை உயர்த்தவில்லை. "பிடிப்பு அதிகமா இருக்கறவங்ககிட்டக் கேட்டா என்ன ஆகும்? எங்க மாமனார் கேஸ்ல மாமியார்கிட்டக் கேட்டோம். மூணு வாரம் முடியாதுன்னாங்க. அந்த மூணு வாரம் அவர் உடம்பு பட்ட பாடு எனக்குத் தெரியும். யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும்? உங்க அம்மாவுக்கு நீங்க சொன்னீங்களே, அது தப்பா?"

தப்பு என்று சொன்னால் இருபது வருஷமாகத் தாங்கி வந்தது எல்லாம் கீழே விழுந்துவிடும். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் காரில் வட்டத்தில் விரல் வைத்துப் படித்தது ஞாபகம் வந்தது. அப்பாவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று அண்ணன் சொன்னதையும் சேர்த்து ஞாபகப்படுத்திக்கொண்டாள்.

திருமூர்த்திக்கு அன்று மாலையே போன் செய்தாள். உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று அவள் நிறைய யோசிக்கவில்லை. திரை யாரையும் குற்றவாளி ஆக்கக் கூடாது, திரையைச் செய்தவளும் ஆக்கக் கூடாது என்று ஒரு சமாதானம் கிடைத்தது. எல்லா நம்பர்களையும் ஒன்றாகப் போட்டு இசைவு ஏதோ ஒன்றை எடுக்கும், குலுக்கல் மாதிரி, உங்கள் பெயர் வந்துவிட்டது என்று சொன்னாள். அவர் தறிச் சத்தத்தை விட்டுத் தள்ளிப் போவது போனில் கேட்டது. பிறகு, "குலுக்கலுங்களா," என்றார். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் அதை நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. புகாரை மூடி, ஒப்புதலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் முற்பகல், அலுவலகத்தில் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அரசு உத்தரவு வந்துவிட்டதாம். சம்பூர்ணா கையில் மைசூர்பாகோடு நின்றிருந்தபோது போன் அதிர்ந்தது. அவளே தேர்ந்தெடுத்த இளநீலப் பின்னணி. அவளே எழுதிய வரிகள், நடுவில் அப்பாவின் பெயர். 'திரு. அர்த்தநாரி அவர்களின் உடல்நிலை பற்றி மருத்துவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அவருக்கு வலி இல்லை. அவசரமில்லை. விரலை இங்கே வையுங்கள்.'

இனிப்பைக் கீழே வைத்துவிட்டு இடது கட்டைவிரலை வட்டத்தில் வைத்தாள். வைக்காமல் இருந்தால் அது அடுத்தவருக்குப் போய்விடும், அந்த அடுத்தவர் யாராக இருப்பார் என்று அவளால் ஊகிக்க முடிந்தது. சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பா மகன். அப்பாவைப் பார்த்தே பத்து வருஷம் ஆனவன். அவன் கைக்குப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் காரியம் முடிந்துவிடும்.

விரலை வைத்து அவள் ஒரு மூச்சு இழுப்பதற்குள் பொத்தான் வந்துவிட்டது.

போனை அப்படியே பிடித்தபடி கீழே இறங்கி ஓடினாள். வாசலில் நின்ற வாடகைக் காரில் ஏறி ஈரோடு என்றாள். ஓட்டுநர் நடுவயதுக்காரர். இவள் முகத்தையும் போன் பிடித்திருந்த விதத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார். பேட்டரி குறைவாக இருந்தது. அவரிடமே சார்ஜர் கேபிள் வாங்கி வலது கையால் சொருகினாள். பிறகு அவருடைய போனில் அண்ணனைக் கூப்பிடச் சொன்னாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான்.

அண்ணனுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. டாக்டர் காலையில் வந்து பார்த்தார், ராத்திரி மாரடைப்பு வந்திருக்கிறது, மெஷினில் வைத்திருக்கிறோம், கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றாராம். அதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறான். இவளுக்குச் சொன்னால் பதறுவாள் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம் என்று இருந்தானாம். அவர்கள் கலந்து பேசி முடித்துவிட்டார்கள் என்று சம்பூர்ணா சொன்னாள். தனக்கு வந்திருக்கிறது என்றும் சொன்னாள்.

"உனக்கா?" என்றான் ரவீந்திரன். "நான் இங்க ரூமுக்கு வெளிய உக்காந்திருக்கறேன். இப்பத்தான் அவரு கையப் புடிச்சுட்டு வந்தேன். உனக்கு ஏஞ்சாமி வந்துது?"

ஓட்டுநர் போனை அவள் காதருகே பிடித்திருந்தார். குலுக்கல் என்று அண்ணனிடம் சொல்லச் சம்பூர்ணாவால் முடியவில்லை.

"நாந்தான் தாங்குவேன்னு அதுக்குத் தோணிருக்குதுண்ணா."

மறுமுனையில் ஆஸ்பத்திரி ஒலிபெருக்கியில் யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது. பிறகு அண்ணன் சொன்னான், "ஆமா. நீ தாங்குவ."

அதில் குத்தல் எதுவும் இல்லை. அவன் அப்படிப்பட்டவனும் இல்லை. பாராட்டாகத்தான் சொன்னான். அம்மா செத்தபோது பெரிய மாமன் சொன்னதைப் போல.

பால் காய்ச்சச் சொல்லு, எல்லோரையும் வரச் சொல்லு, நான் வருகிற வரைக்கும் விரலை எடுக்க மாட்டேன் என்று சொல்லி முடித்தாள். அவினாசி தாண்டி வண்டி வேகம் பிடித்தது. விரல் மரத்துப்போயிற்று. வண்டி குலுங்கும்போதெல்லாம் வலது கையால் இடது கையை அழுத்திக்கொண்டாள். யாரையும் விரட்டாதே என்று எப்போதோ அதனிடம் சொல்லி வைத்திருந்தாள். அது ஒன்றுதான் இப்போது அப்பாவைப் பிடித்து வைத்திருந்தது. அண்ணனிடம் சொன்ன பதிலைத் திருமூர்த்தியிடம் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தாள். அந்த மனிதர் அதைக் கேட்கத்தானே புகாரையே அனுப்பினார். இனி எத்தனை ஊர்களில் எத்தனை பேர் இதே கேள்வியோடு உட்காரப் போகிறார்கள் என்றும் நினைத்தாள்.

பொத்தான் அணையவில்லை. அணையட்டும் என்று அவள் பாடுபட்டாள். அப்பா தன்னை சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதை நினைத்தாள். காய்ச்சல் வந்தபோது ரசம் சாதத்தைப் பிசைந்து ஊட்டியதை நினைத்தாள். எல்லாம் ஞாபகத்தில் இருந்தன, ஒன்றும் கலையாமல் இருந்தன. அவற்றைத் தொட்டால் எதுவும் வலிக்கவில்லை. அவள் உள்ளே வரும்போதெல்லாம் அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனதுதான் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நின்றது. அவள் அழ ஆசைப்பட்டாள். அழுதால் இசைவுக்குத் தெரிந்துவிடும், பொத்தானை எடுத்துவிடும். பெருந்துறை வந்துவிட்டது, அழுகை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் கூடியிருந்தார்கள். சம்பூர்ணாவின் அண்ணி வெள்ளிக் கிண்ணத்தில் பால் வைத்திருந்தாள். அப்பா ரொம்பச் சின்னதாகத் தெரிந்தார். அண்ணன் முதலில் ஊற்றினான். அவன் கை ஆடி, பால் கன்னத்தில் வழிந்தது. அண்ணி முந்தானையால் துடைத்தாள். பிள்ளைகள் ஊற்றினார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் ஊற்றினார்கள். சம்பூர்ணா இடது கையில் போனோடு, வலது கையால் கரண்டியை வாங்கி ஊற்றினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். ரவீந்திரன் அவள் கையைப் பார்த்தான். கட்டைவிரல் நுனி வெளுத்திருந்தது.

"எங்கிட்டக் குடு சாமி," என்றான். "போன தடவையும் நீதான் செஞ்ச. இந்தத் தடவ நான் சொல்றேன்."

அவள் வாழ்க்கையில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அவன் தன் கட்டைவிரலை அவள் விரலை ஒட்டிக் கொண்டுவந்தான். அவள் மெல்லத் தன் விரலை நகர்த்தி அவனுக்கு இடம் விட்டாள்.

பொத்தான் அணைந்தது. 'அவசரமில்லை' என்ற வரி வந்து நின்றது.

ரவீந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். ரொம்ப நேரம் நின்றான். அவன் கண்ணிலிருந்து வடிந்து கண்ணாடிமேல் விழுந்த சொட்டைத் தாண்டியும் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. பொத்தான் மட்டும் வரவில்லை. அண்ணி வந்து அவன் முதுகில் கை வைத்தாள். கூட்டத்தில் ஒரு பெரியவர், பாவம், அவனப் போட்டு ஏன் வதைக்கிறீங்க என்றார்.

எல்லோரும் சம்பூர்ணாவைப் பார்த்தார்கள்.

அண்ணன் போனை அவளிடம் நீட்டினான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. சம்பூர்ணா வாங்கி, வட்டத்தில் விரலை வைத்தாள். பொத்தான் உடனே வந்தது.